ஒரு போல்ட், இரண்டு வாஷர், ஒரு எக்செல் ஷீட்

ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் பி.எஃப்.எம்.இ.ஏ. என்ற பெயர் தெரியாமல் இருக்காது. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைத் தயாரிக்கும் ஒவ்வொரு படியிலும் என்ன தப்பு நடக்கலாம், நடந்தால் யாருக்கு என்ன பாதிப்பு, எதனால் நடக்கும், அதைத் தடுக்கவோ பிடிக்கவோ இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது என்று வேலை தொடங்கும் முன்பே உட்கார்ந்து எழுதுவது. எழுதிய பிறகு, எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுப்பது. அவ்வளவுதான் அந்த முறை.

நடைமுறையில் பல இடங்களில் அது ஒரு எக்செல் ஷீட். கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின வாரம் திறப்பார்கள். தேதியை மாற்றுவார்கள். ரிவிஷன் நம்பரில் ஒன்றைக் கூட்டுவார்கள். மூடிவிடுவார்கள்.

சென்னையைச் சுற்றியும் ஓசூரிலும் குவாலிட்டி வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஷீட்டைத் திட்டிக்கொண்டே நிரப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திட்டுவதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் ஒழுங்காகச் செய்தால் ஒரு தொழிற்சாலைக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது என்பது என் கட்சி. கோளாறு எங்கே என்றால், எல்லோரும் கடைசிக் கட்டத்தில் வரும் பெருக்குத்தொகையைப் பார்க்கிறார்கள். முன்னுரிமை அங்கே இல்லை. முதல் நான்கு கட்டங்களில் எழுதும் வாக்கியங்களில் இருக்கிறது. இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கொஞ்சம் பூர்வீகம்

இந்த முறை அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. 1949 நவம்பரில் வந்த எம்.ஐ.எல்-பி-1629 என்ற நடைமுறை ஆவணம்தான் ஆரம்பம். பிறகு அப்போலோ திட்டத்தில் நாசா இதைப் பயன்படுத்தியது. 1970-களின் பிற்பகுதியில் ஃபோர்டு கம்பெனி இதைக் கார் தொழிலுக்குள் கொண்டுவந்தது. 1993-ல் ஏ.ஐ.ஏ.ஜி. என்ற அமெரிக்க அமைப்பு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கையேடு போட்டது. அதன் நான்காம் பதிப்பு 2008-ல் வந்தது. 2019-ல் ஜெர்மனியின் வி.டி.ஏ.வும் ஏ.ஐ.ஏ.ஜி.யும் சேர்ந்து புதிய கையேட்டை வெளியிட்டன. கார் தொழிலின் தரச் சான்றிதழான ஐ.ஏ.டி.எஃப். 16949 வேண்டுமென்றால் இந்த ஆய்வு கட்டாயம். அதனால்தான் இருபது பேர் வேலை பார்க்கும் சின்ன மெஷினிங் பட்டறையிலும் இந்த ஷீட் இருக்கிறது.

நம் ஊரில் இதற்கெல்லாம் ஆள் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, 1998-ல். தெரிந்தவர்கள் நிறையவே இருக்கிறார்கள். தெரிந்ததை ஷீட்டில் எழுதுவதில்தான் தடுமாறுகிறோம்.

டிஸ்க் பிரேக்கில் ஒரு போல்ட்

பேச்சாகச் சொன்னால் பிடிபடாது. ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். பைக்கின் முன்பக்க டிஸ்க் பிரேக்கைப் பாருங்கள். காலிப்பரில் பிரேக் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். பாஞ்சோ போல்ட் என்போம். அதன் உடம்புக்குள் துளை இருக்கும். பிரேக் ஆயில் அதன் வழியாகத்தான் காலிப்பருக்குள் போகிறது. ஹோஸ் முனையில் உள்ள வளையத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு செம்பு வாஷர்கள். போல்ட்டை முடுக்கும்போது செம்பு லேசாக நசுங்கி, ஆயில் கசியாமல் அடைத்துக்கொள்ளும்.

லைனில் இது சில விநாடி வேலை. போல்ட்டை எடு, வாஷர் போடு, ஹோஸைக் கோர்த்துவிடு, இன்னொரு வாஷர் போடு, கையால் இரண்டு சுற்று, பிறகு குறித்த டார்க் (முடுக்கு விசை) வரை முடுக்கும் டார்க் டூல்.

வழக்கமான ஷீட்டில் இந்த ஸ்டேஷனுக்கு ஒரே வரிதான் இருக்கும். தவறு: டார்க் சரியில்லை. விளைவு: ஆயில் கசிவு. காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது. ஆடிட்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவார்.

இதே ஸ்டேஷனில் நின்றுகொண்டு, ஒவ்வொரு அசைவையும் பார்த்து, சில கேள்விகளைக் கேட்டால் என்னென்ன வருகிறது பாருங்கள்:

- விட்டுப்போனால்? மேல் வாஷர் இல்லாமல் போகலாம், கீழ் வாஷர் இல்லாமல் போகலாம். இரண்டும் வேறு வேறு தவறுகள். போல்ட் தலைக்குக் கீழே இருப்பது முடுக்கிய பிறகும் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். காலிப்பர் பக்கம் இருப்பதைக் குனிந்து தேட வேண்டும்.
- கூடிப்போனால்? ஒரு பக்கம் இரண்டு வாஷர் ஒட்டிக்கொண்டு போகலாம்.
- குறைந்தால்? டார்க் குறைவு. கசியும், நாளடைவில் போல்ட் தளரும்.
- மிஞ்சினால்? டார்க் அதிகம். உள்ளே துளை போட்ட போல்ட் என்பதால் முறியலாம். அலுமினிய காலிப்பரில் மரை பிய்ந்து போகலாம்.
- மாறிப்போனால்? பக்கத்து மாடலின் போல்ட் நீளத்தில் கொஞ்சம் வேறு. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது.
- திசை தப்பினால்? ஹோஸ் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் எங்காவது உராயும்.
- பாதியில் நின்றால்? டூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அந்தப் பீஸின் கதி என்ன?

ஒரு வரி ஏழெட்டாகிவிட்டது. வெறும் எண்ணிக்கைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் பிடிக்கும் வழி வேறு. வாஷர் இல்லாத பீஸை அடுத்த ஸ்டேஷனில் உள்ள காற்றுக் கசிவுச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு பக்கம் இரண்டு வாஷர் போன பீஸ்? கசியாது. டார்க்கும் பச்சை விளக்கு காட்டும். காலிப்பருக்குள் போல்ட்டின் மரை மட்டும் ஒரு வாஷர் கனத்துக்குக் குறைவாகப் பிடித்திருக்கும். இரண்டு சோதனையிலும் தேறி, பேக்கிங்குக்குப் போய்விடும். ‘டார்க் சரியில்லை' என்ற ஒற்றை வரிக்குள் இதெல்லாம் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த அக்காவைக் கூப்பிடுங்கள்

இரண்டு வாஷர் ஒட்டிக்கொண்டு வரும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. லைனில் இருந்த ஓர் அக்கா சொன்னார்:

“வாஷர் ஆயிலோட வருதுல்ல சார், ரெண்டும் ஒட்டிக்கும். நான் எடுக்கும்போதே விரலால ஒரு தேய்ப்பு தேய்ச்சுப் பாப்பேன். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அது தெரியாது.”

அந்த ஸ்டேஷனின் தரம் முழுக்க ஒருவருடைய விரல் நுனியில் இருந்தது. வேலைக் குறிப்பில் அப்படி ஒரு படியே இல்லை. அவர் லீவு போட்ட அன்று அந்தப் பாதுகாப்பும் சேர்ந்து லீவு போட்டுவிடும்.

ஆகவே குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயமான கேள்வி கிடையாது. குவாலிட்டி இன்ஜினியர் தனியாக உட்கார்ந்து எழுதினால், தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுவார். மெயின்டனன்ஸ்காரருக்கு எந்த சென்சார் மாதம் ஒருமுறை மக்கர் பண்ணும் என்று தெரியும். டூல் ரூம்காரருக்கு ஃபிக்ஸ்சரில் எந்தப் பின் முதலில் தேயும் என்று தெரியும். ஸ்டோர்காரருக்கு எந்த இரண்டு பாகங்களின் பெட்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்று தெரியும். நைட் ஷிப்ட் சூப்பர்வைசருக்குத் தெரிந்தவை தனி ரகம். அதைப் பகலில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிலிருந்து வரும் டெம்ப்ளேட்டை அப்படியே நகல் எடுப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ எழுதிய ஷீட்டில், கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளி இருக்காது. மழைக்காலத்தில் ஷெட்டில் இரண்டு நாள் கிடந்த எந்திரப் பாகங்களில் துரு ஏறுவது இருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பாத வாரத்தில், பேக்கிங்கில் இருந்தவரை அசெம்ப்ளியில் நிறுத்துவது இருக்காது. நம் லைனில் நடப்பதை நாம்தான் எழுத வேண்டும்.

‘கவனக்குறைவு' ஒரு காரணமா?

நான் ஒரு கம்பெனிக்கு முதலாளியாக இருந்தால், காரணம் எழுதும் கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று தட்டச்சு செய்ய முடியாதபடி பூட்டிவிடுவேன். அதை எழுதியவுடன் யோசனை நின்றுவிடுகிறது. அதற்கு மருந்தாக ‘பயிற்சி' தானாக வந்து விழும். அடுத்த மாதம் அதே கம்ப்ளெயிண்ட், அதே கவனக்குறைவு, அதே பயிற்சி, வருகைப் பதிவேட்டில் இன்னொரு பக்கம் கையெழுத்து.

வாஷர் விட்டுப்போனது கவனக்குறைவால் என்றால், ஏன் விட்டுப்போக வாய்ப்பிருந்தது? இரண்டு வாஷரும் ஒரே டப்பாவில் குவியலாகக் கிடக்கின்றன. எத்தனை எடுத்தோம் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. நடுவில் சூப்பர்வைசர் கூப்பிட்டால், திரும்பி வரும்போது எந்தப் படியில் விட்டோம் என்று நினைவிருக்காது. இவைதான் காரணங்கள். இவற்றைச் சரிசெய்ய முடியும். மனிதரின் மறதியைச் சரிசெய்ய முடியாது.

ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகேயோ ஷிங்கோ 1961-ல் யமடா எலெக்ட்ரிக் என்ற கம்பெனியில் ஏறக்குறைய இதே சிக்கலைப் பார்த்தார். ஒரு சுவிட்ச், அதன் பொத்தானுக்கு அடியில் இரண்டு சிறிய ஸ்பிரிங்குகள். அவ்வப்போது தொழிலாளி ஒரு ஸ்பிரிங்கைப் போட மறந்துவிடுவார். பார்த்து வேலை செய்யுங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் தீரவில்லை. ஷிங்கோ சொன்ன வழி இதுதான்: வேலையைத் தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சிறிய தட்டில் வை. பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. வேலை முடிந்து தட்டில் ஒன்று மிச்சமிருந்தால், விட்டது அங்கேயே தெரிந்துவிடும். போக்கா-யோகே என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வதற்கு இந்தத் தட்டுதான் பெயர்பெற்ற முதல் உதாரணம்.

நம் வாஷருக்கும் அதே வழி பொருந்தும். இரண்டே குழி உள்ள ஒரு தட்டு. ஒவ்வொரு குழியின் ஆழமும் ஒரு வாஷர் கனம். ஒட்டிக்கொண்டு வந்தால் குழிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அக்காவின் விரல் செய்த வேலையை இனி தட்டு செய்யும், புதிதாக வருகிற பெண்ணுக்கும் சேர்த்து.

விளைவை எங்கே நிறுத்துகிறோம்?

ஷீட்டில் ஒவ்வொரு தவறுக்கும் போடும் மதிப்பெண்களுக்கு அடிப்படை தீவிரம், அதாவது விளைவு எவ்வளவு மோசம் என்பது. ஒன்று முதல் பத்து வரை. அதைத் தீர்மானிப்பது ‘விளைவு' கட்டத்தில் நாம் எழுதும் வாக்கியம். ‘ஆயில் கசிவு' என்று நிறுத்தினால் அது ஓர் அழுக்குப் பிரச்சினை, ஆறு கொடுக்கலாம், ஏழு கொடுக்கலாம். அதே வாக்கியத்தை நீட்டிப் பாருங்கள்: ஆயில் கசிந்து, லீவரை அழுத்தினால் அழுத்தம் ஏறாமல், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. இப்போது யாராலும் பத்துக்குக் கீழே போட முடியாது.

இந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியதால் என்ன நடக்கும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் சுவிட்ச் விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களில் போட்ட சுவிட்ச் அது. சாவியைத் திருப்பத் தேவையான விசை, நிர்ணயித்த அளவைவிடக் குறைவாக இருந்தது. அது 2002-ல் ஒப்புதல் கொடுக்கும்போதே தெரிந்ததுதான். வண்டி ஓடும்போது கனமான சாவிக்கொத்து ஆடினாலோ முழங்கால் பட்டாலோ சாவி நழுவி, எஞ்சின் நின்றுவிடும். புகார்கள் வந்தன. அவற்றை வாடிக்கையாளரின் ‘வசதிக் குறைவு' என்ற வகையில் சேர்த்தார்கள். வண்டி நின்றால் ஓரம் கட்டி மறுபடி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம்.

அவர்கள் எழுதாமல் விட்ட மீதி வாக்கியம் இதுதான்: சாவி அந்த நிலைக்கு நழுவினால் ஏர்பேக்குக்கும் மின்சாரம் போகாது. மோதும் நேரத்தில் பை விரியாது. 2014-ல் முதலில் திரும்பப் பெற்ற கார்கள் மட்டும் சுமார் 26 லட்சம். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. சுவிட்ச் போட்டவர்களுக்குச் சுவிட்ச் தெரியும். ஏர்பேக் போட்டவர்களுக்கு ஏர்பேக் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு வரியாக எழுதிப் பார்க்க ஆள் இல்லாமல் போனது.

விளைவு எழுதும்போது நம் கேட்டோடு நிறுத்தக் கூடாது. அடுத்த ஸ்டேஷனில் என்ன ஆகும், கஸ்டமரின் லைனில் என்ன ஆகும், ரோட்டில் ஓட்டுகிறவருக்கு என்ன ஆகும் என மூன்றையும் எழுத வேண்டும்.

பெருக்கலில் உள்ள பித்தலாட்டம்

இப்போது எண்ணுக்கு வருவோம். மூன்று மதிப்பெண்கள்: தீவிரம் எவ்வளவு, எத்தனை முறை நிகழும், கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம். மூன்றும் ஒன்று முதல் பத்து. மூன்றையும் பெருக்கினால் ஆர்.பி.என். அதிகபட்சம் ஆயிரம். பல கம்பெனிகளில் நூறு என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். நூற்றுக்கு மேல் போனால் நடவடிக்கை எடு. கீழே இருந்தால் விட்டுவிடு.

நூறு என்று கோடு போட்டவுடன் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும். ஷீட் முழுக்க 96, 98, 90, 84. கண்டுபிடிப்பு மதிப்பெண்ணை ஐந்திலிருந்து நான்காக்கினால் போதும், ஒரு வேலை குறைந்தது. இது மனித சுபாவம். 2008-ன் நான்காம் பதிப்பே இப்படிக் கோடு போட்டு முடிவெடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருந்தது. கோடு போட்டவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

நேர்மையாக நிரப்பினாலும் கணக்கு இடிக்கிறது. முதலாவது, ஒன்று முதல் ஆயிரம் வரை ஒரு அளவுகோல் என்று நினைக்கிறோம். உண்மையில் பத்துக்குள் இருக்கும் மூன்று எண்களைப் பெருக்கினால் வரக்கூடிய மதிப்புகள் 120 மட்டுமே. ஆயிரத்துக்கு அடுத்தது 900. அதற்கு அடுத்தது 810. நடுவில் ஒன்றும் இல்லை. 97-ம் 99-ம் எந்த ஷீட்டிலும் வரவே வராது.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. இந்த மதிப்பெண்கள் படிவரிசை எண்கள். நான்காம் பதிப்பின் அட்டவணையில், நிகழ்வுக்கு எட்டு என்றால் 50-க்கு ஒன்று தப்பும். நான்கு என்றால் 10,000-க்கு ஒன்று. எட்டிலிருந்து நான்குக்குக் கொண்டுவந்தால் தவறு 200 மடங்கு குறைந்திருக்கிறது. ஆர்.பி.என். என்ன சொல்லும்? பாதியாகிவிட்டது என்று சொல்லும். கண்டுபிடிப்பை எட்டிலிருந்து நான்காக்கினாலும் அதே பாதிதான். 200 மடங்கு தடுத்த வேலையும், ஒரு கூடுதல் சோதனை வைத்த வேலையும் ஷீட்டில் சமமாகத் தெரியும்.

இரண்டு தவறுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

- ஒரு வாஷர் விட்டுப்போதல்: தீவிரம் 10, நிகழ்வு 4, கண்டுபிடிப்பு 2. பெருக்கினால் 80.
- காலிப்பர் மேல் சின்னக் கீறல்: தீவிரம் 3, நிகழ்வு 7, கண்டுபிடிப்பு 6. பெருக்கினால் 126.

நூறு என்ற கோட்டின்படி, குழு கூடி கீறலைச் சரிசெய்யப் போகும். வாஷர் ‘ஓகே' ஆகிவிடும். நிகழ்வு 4 என்றால் 10,000-க்கு ஒன்று என்று சொன்னேன். ஒரு நாளைக்கு 2,000 பீஸ் ஓடும் லைன் என்றால், ஐந்து வேலை நாளுக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கும் பைக் ஓட்டுகிறவருக்கும் நடுவில் இருப்பது கசிவுச் சோதனை மெஷின் ஒன்றுதான்.

2019 கையேடு இதனால்தான் ஆர்.பி.என்.ஐக் கைவிட்டது. அதற்குப் பதிலாக நடவடிக்கை முன்னுரிமை என்று ஓர் அட்டவணை: உயர்ந்தது, நடுத்தரம், குறைந்தது. பெருக்கல் கிடையாது. முதலில் தீவிரத்தைப் பார், பிறகு நிகழ்வு, கடைசியில்தான் கண்டுபிடிப்பு. மேலே சொன்ன வாஷர் அந்த அட்டவணையில் ‘உயர்ந்தது'. கீறல் ‘குறைந்தது'. வரிசை தலைகீழாகிவிட்டது பார்த்தீர்களா? ‘உயர்ந்தது' என்று வந்தால் குழு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால், இப்போது இருக்கும் ஏற்பாடே ஏன் போதும் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

பழைய ஷீட்டே வைத்திருக்கிறீர்கள், கஸ்டமர் மாற்றச் சொல்லவில்லை என்றாலும் கவலையில்லை. எக்செல்லில் தீவிரம் கட்டத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். 9, 10 உள்ள வரிகள் மேலே வரும். அவற்றில் நிகழ்வை வைத்து மறுபடி வரிசைப்படுத்துங்கள். ஆர்.பி.என். கட்டத்தை ஹைட் செய்துவிடுங்கள். பட்ஜெட் எங்கே போக வேண்டும் என்பது அந்த முதல் பத்து வரிகளில் தெரிந்துவிடும்.

காகிதத்தில் உள்ள காவல்

கண்டுபிடிப்பு 2 என்று எழுதினோமே, அது உண்மையா? கசிவுச் சோதனை மெஷின் இருக்கிறது என்பதற்காக 2 கொடுத்தோம். மெஷின் ஓடுகிறதா? நான் லைனில் பார்த்தவற்றைச் சொல்கிறேன். சென்சார் அடிக்கடி நிற்கிறது என்று பைபாஸ் போட்டு ஓட்டுவார்கள். தப்பான ரிஜெக்ஷன் அதிகம் வருகிறது என்று சோதனை வரம்பைத் தளர்த்துவார்கள். சோதனையில் ஃபெயில் ஆன பீஸை ‘ஒருவேளை சரியாகப் பொருந்தவில்லையோ' என்று மூன்று முறை வைத்து, தேறியவுடன் அனுப்புவார்கள். ஷீட்டில் மட்டும் 2 அப்படியே இருக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. வேண்டுமென்றே ஒரு வாஷர் இல்லாமல் ஒரு பீஸ் செய்து, சிவப்பு பெயின்ட் அடித்து என்.ஜி. மாஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் அதை மெஷினில் வையுங்கள். மெஷின் அதைத் தள்ளினால்தான் லைன் ஓட வேண்டும். கண்ணால் பார்த்துச் சோதிக்கும் இடமாக இருந்தால், நான்காம் பதிப்பின் அட்டவணைப்படி, வேலை முடிந்த பிறகு கண்ணால் பார்ப்பதற்கு 8 மதிப்பெண். அதை 4 என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். அத்தனை பீஸையும் பார்க்கிறோம் என்பதால் அத்தனை தவறும் பிடிபட்டுவிடாது. எட்டு மணி நேரம் ஒரே மாதிரிப் பீஸைப் பார்க்கும் கண் எதையாவது தவறவிடும்.

எழுதிவிட்டால் முடிந்ததா?

கண்டுபிடித்து, முன்னுரிமை கொடுத்து, பட்டியலிலும் சேர்த்த பிறகும் ஆபத்து அப்படியே நிற்கலாம். சேலஞ்சர் விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளில் இருந்த ஓ-ரிங் இணைப்பு அப்படிப்பட்டது. இதே வகை ஆய்விலிருந்து நாசா தயாரித்த முக்கிய உறுப்புகளின் பட்டியலில் அது இருந்தது. 1982 டிசம்பரில் அதை வகை 1 என்று மாற்றினார்கள். அதாவது, மாற்று ஏற்பாடு இல்லை. தவறினால் கலமும் உயிரும் போகும். 1983-ல் அதற்கு விலக்கு கொடுத்து, பறப்பது தொடர்ந்தது. 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73-வது விநாடியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். பட்டியலில் இல்லாததால் நடந்த விபத்து இல்லை அது. பட்டியலில் இருந்தது பழகிப்போனதால் நடந்தது.

நம் ஷீட்டிலும் ‘பொறுப்பு', ‘முடிக்கும் தேதி' என இரண்டு கட்டங்கள் உண்டு. அவற்றைப் பாருங்கள். பொறுப்பு: ‘குவாலிட்டி/புரொடக்ஷன்'. இரண்டு துறைக்குப் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை. ஒரு ஆளின் பெயர் இருக்க வேண்டும். தேதி தாண்டினால் பிளான்ட் ஹெட்டின் மேஜைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, மாற்றம். ஆள், மெஷின், பொருள், முறை என நான்கில் எது மாறினாலும் ஷீட்டைத் திறக்க வேண்டும். வாஷர் சப்ளையரை மாற்றினோம், புதிய வாஷர் ஆயில் இல்லாமல் உலர்வாக வருகிறது என்றால், ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை குறையலாம். அதே டார்க்கில் செம்பு நசுங்கும் விதம் மாறலாம். ஜெனரல் மோட்டார்ஸ் கதையில் இதற்கும் பாடம் இருக்கிறது. 2006-ல் அந்தச் சுவிட்சின் உள் பாகத்தைத் திருத்தினார்கள். பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் ஓடின. பின்னால் விசாரித்தவர்களுக்கு, எந்த வருடக் காரில் கோளாறு, எதில் இல்லை என்பதே நெடுங்காலம் புதிராக இருந்தது.

கஸ்டமர் கம்ப்ளெயிண்ட் வந்தால், காரணமும் தீர்வும் சொல்லும் 8டி அறிக்கை எழுதுகிறோம் அல்லவா? எழுதி முடித்தவுடன் ஷீட்டைத் திறந்து, அந்தத் தவறு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கண்டுபிடிக்கும் கேள்விகள் குறைந்திருக்கின்றன. இருந்து, நிகழ்வு 2 என்று போட்டிருந்தால், அந்த மதிப்பெண் பொய். இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்த வரி அன்றைக்கே திருத்தப்பட வேண்டும்.

கடைசியாக

சின்னக் கம்பெனி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், ‘இதற்கெல்லாம் எங்கே நேரம்' என்று கேட்பீர்கள். நியாயம்தான். எல்லா ஸ்டேஷனுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். உங்கள் பொருளில் எது தவறினால் ஒருவருக்கு அடிபடுமோ அந்த ஒரு ஸ்டேஷனை எடுங்கள். லேப்டாப்பை வைத்துவிட்டு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு மணி நேரம் நில்லுங்கள். விட்டுப்போனால், கூடிப்போனால், குறைந்தால், மிஞ்சினால், மாறினால், திசை தப்பினால், பாதியில் நின்றால் என்று கேட்டு எழுதுங்கள். அங்கே வேலை செய்கிறவரிடம், “இதுல உங்களுக்கு எது பயமா இருக்கு?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

எண்களை நாளைக்குப் போடலாம். அடுத்த ஆடிட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு ஸ்டேஷனில் தொடங்குங்கள்.